கெம்பியும் செம்பாயியும்

முதலில் அந்தச் சிரிப்புதான் கேட்டது.

பாலக்கோட்டுச் சந்தை. மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். பனி விலகியும் விலகாமலும் இருந்த நேரம். எதிரில் நிற்கிற ஆள் பாதி தெரிவான், பாதி தெரியமாட்டான். புளி மூட்டை அடுக்கியிருந்த பக்கத்திலிருந்து அந்தச் சிரிப்பு வந்தது. பெண் சிரிப்பு. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நடுவில் மூச்சு வாங்கி, அடங்கப்போகிற மாதிரி போய், திரும்பவும் கிளம்புகிற சிரிப்பு.

யாரோ கொடுத்து வைத்தவன் பெண்டாட்டி என்று நினைத்தேன். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு மூட்டைகளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

என் பெண்டாட்டி.

கல்யாணமாகி எட்டு மாசம் ஆகியிருந்தது. அதுவரைக்கும் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அவளை அவள் அப்பன் வீட்டில் விட்டுவிட்டு வரத்தான் வண்டி கட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். திரும்ப அழைத்து வருகிற எண்ணத்தோடு இல்லை. ஒரேயடியாக விட்டுவிட்டு வர.

காரணம் சொல்கிறவர்கள்

இதைச் சொல்லவேண்டும் என்று ஞாபகம் வந்ததே என் பேத்தியால்தான். நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன். நான் சொல்லச் சொல்ல அவள்தான் இதையெல்லாம் எழுதி அனுப்புகிறாள். சேலத்தில் மனசைப் பற்றிய படிப்பு படிக்கிறாள். அப்படி ஒரு படிப்பு இருப்பதே எனக்குப் போன வருஷம்தான் தெரியும்.

ஒரு ஆள் ஏன் இப்படிப்பட்ட ஆளாக இருக்கிறான் என்று பெரிய பெரிய வெள்ளைக்காரர்கள் யோசித்துப் பார்த்திருக்கிறார்களாம். பிறவியிலேயே வருவது என்று ஒருத்தர். சின்ன வயசில் பட்டதெல்லாம் அடியில் போய்த் தங்கிவிடும், அதுதான் ஆட்டுவிக்கும் என்று இன்னொருத்தர். சுற்றி இருக்கிறவர்கள் நம்மை எப்படிப் பார்க்கிறார்களோ அப்படியே ஆகிப்போவோம் என்று வேறொருத்தர். ஆளுமை என்று ஒரு வார்த்தை சொன்னாள். எனக்கு அது ஆளை நிற்க வைத்து அளக்கிற மாதிரிக் கேட்டது.

இதெல்லாம் எங்கள் இண்டூரிலும் அப்போதே சொன்னார்கள். மூன்று பேர் சொன்னார்கள். மூன்று பேரும் சொன்னது என் பெண்டாட்டியைப் பற்றி.

அதற்கு முன்னால் அவள் வந்த கதையைச் சொல்லவேண்டும்.

செம்பாயி

அவள் பிறந்தது மாரண்டஅள்ளிக்கும் அந்தாண்டை. எங்கள் ஜனம்தான். எந்தக் காலத்திலோ ஒரு பஞ்சத்தில் அந்தப் பக்கம் பிழைக்கப் போனவர்கள், போன இடத்துக் கன்னடத்தையே வீட்டுப் பேச்சாக்கிக்கொண்டார்கள். என் அப்பா மாடு பிடிக்கப்போன இடத்தில் அவள் அப்பாவோடு பழகி, அங்கேயே சம்பந்தம் பேசி முடித்துவிட்டு வந்தார். கல்யாணத்தைப் பார்த்தார். அடுத்த மாசமே கண்ணை மூடிவிட்டார். அந்தச் சம்பந்தத்துக்காகப் பரிந்து பேச வீட்டில் ஆள் இல்லாமல் போயிற்று.

பேர் கெம்பம்மா. கெம்பு என்றால் சிவப்பு. என் அம்மா வாயில் அது நுழையவில்லை.

"கெம்பாவாம் வம்பாவாம். இந்த வூட்டுல செம்பாயி. அவ்வளவுதான்" என்றாள்.

செம்பாயி என்று கூப்பிட்டால் அவள் உடனே திரும்பமாட்டாள். மூன்றாவது தடவைக்குத்தான் திரும்புவாள். காது மந்தம் என்று ஊரில் முடிவு செய்துவிட்டார்கள்.

வந்த மூன்றாம் நாள், வீடு நிறைய உறவுக்காரப் பெண்கள் இருக்கும்போது, அவள் தைரியமாக என் அம்மாவிடம் போய், "ஏன் மாட்லி அத்தே?" என்று கேட்டாள். நான் என்ன வேலை செய்யட்டும் என்று கேட்கிறாள். கன்னடத்தில் 'மாடு' என்றால் 'செய்'. அம்மாவுக்கு அது எங்கே தெரியும்?

"மாடு கொட்டாயிலதான் இருக்குது. உங்கப்பன் வூட்டு மாடா, எண்ணிப் பாக்க வந்துட்டா!" என்றாள்.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அறுப்புக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். கிணற்றடியில் ஒரு வாரம் சிரித்தார்கள். "செம்பாயி, மாடு இருக்குதா, எண்ணிட்டியா?" என்று கேட்காத ஆள் இல்லை. நானும் சிரித்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அதோடு அவள் வாயை மூடியவள்தான்.

கூப்பிட்டால் வருவாள். சொன்னதைச் செய்வாள். களி கிண்டினால் கட்டி தட்டாது. ஆனால் முகத்தில் ஆள் இருக்கமாட்டாள். நானும் அந்த வயசில் பேசுகிற ஜாதி இல்லை. முசுடு என்றுதான் எனக்குப் பேர். இரண்டு பேரும் ஒரு வீட்டில் இரண்டு தூண் மாதிரி நின்றுகொண்டிருந்தோம்.

மூன்று பேர்

முதலில் வைத்தியர். எங்கள் ஊரில் நாடி பார்க்கிறவர். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ரொம்ப நேரம் இருந்தார். தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன்.

"கப ஒடம்பு. குளுந்த தேகம். இவங்களுக்கு மனசும் மெல்லத்தான் நகரும், நாக்கும் மெல்லத்தான் நகரும். வாத ஒடம்பா இருந்திருந்தா இந்நேரம் உங்க காது போயிருக்கும். சந்தோசப்படுங்க."

சுக்கும் திப்பிலியும் போட்டு ஒரு லேகியம் கொடுத்தார். காலையும் மாலையும் அவள் அதை விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் வரும். பேச்சு வரவில்லை.

இரண்டாவது, ஒரு வாத்தியார். தருமபுரியில் வேலை. ஞாயிற்றுக்கிழமையில் எங்கள் பக்கம் நிலக்கடலை வாங்க வருவார். இங்கிலீஷ் புஸ்தகம் படிக்கிறவர். யுத்தம் நடந்த காலம் அது, மண்ணெண்ணெய் கிடைக்காது. ஆனாலும் அவர் எப்படியோ விளக்கு வைத்துப் படித்துவிட்டு வந்து சொல்வார். மனசுக்கு அடியில் இன்னொரு மனசு இருக்கிறது, மேலே இருப்பதைவிட அதுதான் பெரிசு என்பார். எனக்கு அது பிடித்திருந்தது. கிணற்றைப் பார்க்கும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்வேன்.

அவர் அவளை எதிரில் உட்காரவைத்துக் கேட்டார்: "குழந்தைப் பருவத்தில் ஏதேனும் பேரச்சம் நேர்ந்ததுண்டா அம்மா? கனவில் யாது காண்கிறாய்?"

அந்தத் தமிழ் எனக்கே பாதி புரியவில்லை. அவள் அவரைப் பார்த்தாள். கீழே குனிந்துகொண்டாள்.

"பாத்தியாப்பா, பெரிய பூட்டா இருக்கு. பேசவச்சாத் தொறந்துக்கும்" என்றார் என்னிடம்.

இன்றைக்கு நினைத்தால் அந்த வாத்தியார் முக்கால்வாசி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். சாவி எந்த பாஷையில் இருக்கிறது என்றுதான் அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லையே.

மூன்றாவது ஆள் ஜோசியர். அவரிடம் போனதற்கு வேறு காரணம் இருந்தது.

கன்றுக்குட்டியிடம்

எங்கள் செவலைப் பசு கன்று போட்டிருந்தது. விடியற்காலையில் அவள் கொட்டாயைக் கூட்டப்போனால் சீக்கிரம் வரமாட்டாள். ஒருநாள் அம்மா பின்னாலேயே போய்ப் பார்த்திருக்கிறாள். சாணிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கன்றின் நெற்றியை நீவிவிட்டபடி அவள் பேசிக்கொண்டிருந்தாள். எட்டு மாசமாகப் பேசாதவள், கன்றிடம் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

அம்மா காதில் ஒரே ஒரு வார்த்தைதான் நின்றது. "நன் கண்டா... நன் கண்டா..."

அம்மா வெளுத்துப்போய் வந்தாள்.

"டேய் சின்னா, அவ வாயாலயே வந்துருச்சுடா. கண்டம்கறா. கன்னுக்குட்டியத் தொட்டுக்கிட்டுக் கண்டம் கண்டம்னு ஓதறா. உங்கப்பன் போனதுக்கு இப்பத்தான் அர்த்தம் தெரியுது."

என் பேர் சின்னபையன். அம்மாவுக்குச் சின்னா. ஜாதகத்தில் கண்டம் என்றால் உயிருக்கு வருகிற ஆபத்து. அது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அப்பா போய் ஏழு மாசம்தான் ஆகியிருந்தது. அவளுக்கு மிச்சம் நான் ஒருத்தன். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஜோசியர் கட்டம் போட்டுப் பார்த்தார். "மாப்பிள்ளைக்குக் கண்டம் இருக்குது. பொண்ணு நாக்குல அது நிக்குது. கொணம்னா அது நட்சத்திரம் குடுக்கறதுங்க, மாத்த முடியாது. ஆளத்தான் மாத்தலாம்" என்று சொல்லிவிட்டார்.

ஆளை மாற்ற, கம்பைநல்லூரில் என் மாமன் பெண் தயாராக இருந்தாள்.

"தை பொறக்கட்டும். அவங்கப்பன் வூட்டுல கொண்டுபோய் வுட்டுட்டு வந்துரு. பாக்கப் போறம்னு சொல்லு, போதும்" என்றாள் அம்மா.

நான் சரி என்றேன். ஏன் சரி என்றேன்? எனக்கும் பயம் இருந்தது. அதைவிட, அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று ஒரு எண்ணம் எனக்குள் ஊறிப்போயிருந்தது. பிடிக்காதவளை அனுப்பிவிட்டால் அவளுக்கும் நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதல்நாள் கிளம்பி, தருமபுரியில் ஒரு சொந்தக்காரர் கொட்டாயில் தங்கி, மறுநாள் வெள்ளி முளைக்க மாடு பூட்டினோம். வழியெல்லாம் பனி. மாட்டுக் கழுத்து மணி மட்டும் கேட்கும். வண்டியில் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறாளா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வரும். அடிக்கடி திரும்பிப் பார்த்தேன். துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு போகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்தையில் நின்றவள்

இப்போது தக்காளி மலை மலையாகக் குவிகிற பாலக்கோட்டில் அன்றைக்குப் புளியும் கேழ்வரகும் அவரையும்தான். மூட்டைகளுக்கு மேலாக நான் பார்த்தபோது அவள் ஒரு நடுவயசு அம்மாள் பக்கத்தில் நின்றிருந்தாள். அவரைக்காய்க் கூடை வைத்திருந்த அம்மாள். "கெம்பி, ஏ கெம்பி!" என்று அந்த அம்மாள் ஒரு தடவைதான் கூப்பிட்டாள். அவள் சடக்கென்று திரும்பினாள். காது மந்தமாம்!

இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதையோ நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். வாயைக் கோணிக்கொண்டு, விரலை நீட்டி, கழுத்தை வெட்டி... என் அம்மா! அச்சு அசலாக என் அம்மா. அப்புறம் கண்ணை மூடி ஒரு கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். வைத்தியர். அப்புறம் தோளைத் தூக்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, ஒரு காலை இழுத்து இழுத்து நாலு எட்டு நடந்தாள். இது யார் என்று எனக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. அப்புறம் பிடிபட்டது. நான்தான்.

நான் அப்படியா நடக்கிறேன்?

சுற்றி நின்ற நாலைந்து பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கண்ணெல்லாம் பளபளவென்று, கை ஒரு பக்கம் வாய் ஒரு பக்கம் என்று ஒரு பொம்பளை அங்கே நின்றிருந்தாள். அவளோடு நான் எட்டு மாசம் குடித்தனம் செய்திருக்கவில்லை. அந்தப் பனியில், வேறு யார் வீட்டுக் கனவுக்குள்ளோ நான் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்த அம்மாள் என்னைப் பார்த்துவிட்டாள். என் பெண்டாட்டிக்குச் சிக்கம்மா, அதாவது சின்னம்மா. தமிழும் பேசுவாள்.

"வாங்க மாப்ளே. ஏனுங்க மூட்ட பின்னால நிக்கறீங்க, கடன்காரன் மாதிரி?"

மூட்டைகளைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தேன்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. என் கெம்பியப் பாக்கக் கூட்டிட்டுப் போறீங்களா, வுட்டுட்டு வரப் போறீங்களா?"

நான் திரும்பி வண்டியைப் பார்த்தேன்.

"அவளுக்குத் தெரியும் மாப்ளே. உங்க வூட்டுல பேசறது அத்தனையும் அவளுக்குப் புரியும். பேசத்தான் வெக்கம்."

"தெரிஞ்சுமா இப்பிடிச் சிரிக்கறா?"

"நானும் அதத்தான் கேட்டேன். சிரிப்ப நிறுத்துனா அழுதுருவேன் சிக்கம்மாங்கறா."

அவள், என் பெண்டாட்டி, என்னைப் பார்த்த அந்த நொடியே மாறிப்போனாள். கண் முன்னாலேயே நடந்தது. தோள் இறங்கியது. கை முந்தானைக்குள் போயிற்று. முகத்திலிருந்து கெம்பி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே செம்பாயி மட்டும் நின்றாள்.

நான் வந்ததால்தான் அவள் போனாள்.

ஏதாவது கேட்கவேண்டும் என்று, மனசில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "ஏனுங்க, கண்டான்னா என்னங்க? நன் கண்டா, நன் கண்டான்னு எங்க கன்னுக்குட்டிகிட்டச் சொல்லிட்டிருந்தாளாம்."

சிக்கம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் கூடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு சிரிப்பு.

"அய்யோ சிவனே! கண்டான்னா புருசன் மாப்ளே. நன் கண்டான்னா எம் புருசன். அந்தக் கண்டமே நீங்கதான்!"

அவளிடம் ஏதோ கன்னடத்தில் கேட்டாள். அவள் தலை நிமிராமல் முணுமுணுத்தாள்.

"என்னங்கறா?"

"கன்னுகிட்ட என்ன சொன்னேன்னு கேட்டேன். 'நன் கண்டா ஒள்ளேவ்ரு, மாத்தே ஆடல்ல'ன்னு சொன்னாளாம். எம் புருசன் நல்லவரு, பேசத்தான் மாட்டேங்கறாருன்னு."

யார் மனேகெ?

திரும்பிப் போகலாம் என்று சொல்லவேண்டும். தமிழில் சொன்னால் வருவாள். சொன்னதைச் செய்கிறவள்தானே? ஆனால் வருவது செம்பாயி. இப்போது பார்த்த அந்த இன்னொருத்தி இந்தச் சந்தையிலேயே நின்றுவிடுவாள். அப்புறம் நான் அவளை எங்கே போய்த் தேடுவது?

சிக்கம்மாவிடம் மெல்லக் கேட்டேன். "வூட்டுக்குப் போலாமான்னு உங்க பேச்சுல எப்பிடிங்க சொல்றது?"

சொல்லிக்கொடுத்தாள். இரண்டே வார்த்தை. வாய்க்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பெண்களெல்லாம் வேடிக்கை பார்க்க, அவள் முன்னால் போய் நின்றேன்.

"மனேகெ ஓகானா?"

எப்படிச் சொன்னேனோ தெரியாது. ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை. நிமிர்ந்து என் முகத்தை நேராகப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

"யார் மனேகெ?" என்றாள்.

யார் வீட்டுக்கு?

யாரும் எனக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. யார் என்பது இரண்டு பேச்சிலும் யார்தான்.

எட்டு மாசமாக அவளிடம் நான் பேசியதே கொஞ்சம். அதிலும், எங்க வூட்டுல இப்பிடி இல்ல, எங்க வூட்டுல அப்பிடிப் பண்ணமாட்டாங்க என்று, எல்லாம் எங்க, எங்க. அம்மாவும் எங்க, ஊரும் எங்க. அந்த 'எங்க'வுக்குள் அவள் நிற்க ஒரு சாண் இடம் இருந்ததில்லை. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் சிக்கம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்ததை வைத்து நானே கட்டிச் சொன்னேன்.

"நம்ம மனேகெ."

அது சரியான கன்னடமா, பாதி தமிழா, தெரியாது. அவள் கொஞ்ச நேரம் நின்றாள். எனக்கு அது ஒரு சந்தை கூடிக் கலைகிற நேரம். அப்புறம் தன் துணி மூட்டையை எடுத்து என் கையில் கொடுத்தாள். தூக்கிக்கொண்டு வா என்பது போல. முன்னால் நடந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

என் வயசு இரண்டு

அம்மாவிடம் கண்டத்துக்கு அர்த்தம் சொன்னேன். அவள் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப இத்தன நாளா அவ கன்னுக்குட்டிகிட்ட உன்னப் பத்தித்தான் பேசிட்டிருந்தாளா?"

"ஆமா."

"என்னன்னு?"

"நல்லவனாம். பேசமாட்டனாம்."

அம்மா முந்தானையை உதறிச் செருகினாள். "பேசாதது உங்கப்பன் வழி. அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். மன்னிப்பெல்லாம் கேட்கிற ஆள் இல்லை அவள். ஆனால் மறுநாள் காலையில் அடுப்படியிலிருந்து, "கெம்பீ" என்று ஒரு சத்தம் கேட்டது. நெருப்பை ஊதுகிற மாதிரி, கஷ்டப்பட்டுச் சொன்னாள்.

நான் அவளிடம் கன்னடம் படித்தேன். வரப்பில், களத்தில், வண்டியில். அப்போதுதான் ஒன்றைக் கண்டுகொண்டேன். தமிழில் எனக்கு இருபத்திரண்டு வயசு, முசுடு. கன்னடத்தில் எனக்கு இரண்டு வயசு. பேகா, சாகா, ஊட்டா ஆய்தா என்று, வேணுமா, போதுமா, சாப்பிட்டாச்சா என்பதோடு நிற்கிற மழலை பேசுகிறவன். அந்தப் பேச்சில் எனக்குக் கோபம் வராது. வந்தாலும் சொல்ல வார்த்தை கிடையாது. திட்டுகிற வார்த்தை ஒன்றைக்கூட அவள் எனக்குச் சொல்லித்தரவில்லை. கடைசிவரைக்கும் தரவில்லை, கெட்டிக்காரி. சண்டை வந்தால் நான் தமிழில் ஆரம்பிப்பேன். அவள் கன்னடத்தில் பதில் சொல்லுவாள். நான் அந்தப் பக்கம் தாண்டினால் இரண்டு வயசுக்காரனாகிவிடுவேன். என்ன சண்டை போடமுடியும்?

ஒருநாள் அவள் என்னைச் சின்னா என்று கூப்பிட்டதைக் கேட்டு அம்மா, "புருசன் பேரச் சொல்றாளே!" என்று குதித்தாள். "பேரு இல்ல அத்தே. எங்களுக்குச் சின்னான்னா தங்கம்" என்றாள் கெம்பி, தமிழில், தைரியமாக. அம்மா குதிப்பதை நிறுத்திவிட்டாள். இத்தனை வருஷமாக மகனைத் தங்கம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம் என்று கொஞ்சம் சந்தோஷம்கூட.

இதில் எது நிஜமான நான் என்று பேத்தியைக் கேட்டேன். அதைப் பற்றியும் சண்டை இருக்கிறது தாத்தா என்றாள்.

கெம்பி போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. வீட்டில் கன்னடம் பேச ஆள் இல்லை. அந்த இரண்டு வயசுக்காரனும் அவளோடேயே போய்விட்டான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாசம் இண்டூர் ரோட்டோரத்தில் நின்றிருந்தேன். ஒகேனக்கல் போகிற கர்நாடகக் கார் ஒன்று நின்றது. வண்டி ஓட்டி வந்த பையனுக்குத் தமிழ் வரவில்லை. நான் கன்னடத்தில் வழி சொன்னேன். அவன் உற்றுக் கேட்டான். அப்புறம் சிரித்துவிட்டான்.

"அஜ்ஜா, நீங்க பேசறது பொம்பளைங்க பேசற மாதிரி இருக்கே!" என்று கன்னடத்தில் சொன்னான்.

நான் அந்த பாஷையில் வேறு யார் பேசியும் பெரிதாகக் கேட்டதில்லை. இழுக்கிற இழுப்பு, நிறுத்துகிற இடம், மூச்சு வாங்குகிற இடம் எல்லாம் ஒரே ஒரு ஆளிடமிருந்து வந்தது.

அவனுக்கு மறுபடியும் முதலிலிருந்து வழி சொன்னேன். பென்னாகரம் வரைக்கும் வருகிற ஊர், பாலம், திருப்பம் ஒவ்வொன்றாக. அவனுக்கு வேண்டியதைவிட ரொம்ப அதிகமாகவே சொன்னேன்.